இரண்டு கைத்துப்பாக்கிகள்

சென்ற மாதத்தில் ஒருநாட் காலை. பெரட்டு முடிந்து, ஆட்கள் செம்பனைக் காட்டுக்குள் சென்ற பின்னர், செக்ரோல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நாம் ஆபீசில் அமர்ந்திருந்தோம். பால்வெட்டுக் காலத்திலிருந்தே இத்தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த மூதாட்டி ஒருவர், பழைய பத்திரிகை ஒன்றை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு வந்து நின்றார். பட்டணத்துக் கடையொன்றில் நடந்த கொள்ளை குறித்துப் போலீசார் ஐந்து இளைஞரைப் பிடித்தனர். அவருள் ஒருவன் இம்மூதாட்டியின் மகள் வயிற்றுப் பேரன். அவர்களுடைய படம் பத்திரிகையில் வெளிவந்தது. 'இந்தியக் கொள்ளைக் கும்பல்' என்று அதன் தலையில் கொட்டை எழுத்து. மூன்று நாள் விசாரித்தபின், இவனுக்கும் அக்கொள்ளைக்கும் தொடர்பில்லை எனக் கண்டு விட்டுவிட்டனர்.

"கிராணியாரே, புடிச்சதப் போட்டாங்க. விட்டதப் போடலியே. நீங்க இங்கிலீசு படிச்சவங்க. பேப்பர்க்காரவுகளுக்கு ஒரு கடுதாசி எழுதிக் குடுங்க" என்றார் அம்மூதாட்டியார்.

அப்பத்திரிகையை வாங்கிப் புரட்டினோம். அதே பக்கத்தின் கீழ்ப்பகுதியில், பல கோடி வெள்ளி மோசடி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பெரியவர் ஒருவரைப் பற்றிய செய்தியும் இருந்தது. அவருக்கு இனம் எதுவும் குறிக்கப்படவில்லை. பட்டமும் தொழிலும் மட்டுமே குறிக்கப்பட்டிருந்தன. தோட்டத்துப் பிள்ளைக்கு இனம், கனவானுக்குப் பட்டம்! இப்பழக்கம் நேற்று முளைத்ததன்று. இச்சிலாங்கூர் மண்ணிலேயே நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இதற்கு உண்டு. கடிதம் எழுத உட்கார்ந்த நாம், கடிதத்தை ஒருபால் வைத்துவிட்டு இதனை எழுதலானோம்.

1911-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை இரவு. கோலாலம்பூரிலே, விக்டோரியா கல்விச்சாலையின் தற்காலிகத் தலைமையாசிரியர் குடியிருந்த பங்களா. ஆசிரியர் தம் நண்பரொருவர் இல்லத்துக்கு விருந்துண்ணச் சென்றிருந்தார். மனைவியார் எதெல் பிரௌட்லாக் மட்டும் வீட்டில் இருந்தார். ஈயச் சுரங்க மேனேஜராக இருந்தவரான வில்லியம் ஸ்டூவர்ட் என்னும் வெள்ளையர் ரிக்‌ஷாவில் வந்து இறங்கி, ரிக்‌ஷாக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு மேலேறினார். சிறிது நேரத்தில் வெடியோசை கேட்டது. அம்மாது தம் கணவரின் கைத்துப்பாக்கியிலிருந்த ஆறு குண்டுகளையும் அவர்மீது தீர்த்துவிட்டார். அவர் பங்களா வாசலிலேயே பிணமாய் விழுந்தார்.

தம் மானத்தைக் காத்துக்கொள்ளவே சுட்டதாக அம்மாது கூறினார். இருவருக்கும் முன்னரே தொடர்பு இருந்ததென்பதும், ஸ்டூவர்ட் ஒரு சீனப் பெண்ணோடு வாழத் தலைப்பட்டதே சினத்துக்குக் காரணமென்பதும் அரசாங்கத் தரப்பின் வாதம். ஜூன் மாதத்தில் வழக்கு நடந்தது. அந்நாளில் இங்கே ஜூரிகள் இல்லை. நீதிபதியும் அசெஸர் இருவருமே விசாரித்தனர். வாசலில் காத்திருந்த சீன ரிக்‌ஷாக்காரர் சாட்சி சொன்னார். முடிவில் அம்மாது குற்றவாளியெனத் தீர்ப்பாகித் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது.

ஈண்டு ஒன்றை ஒளியாமல் கூறல் வேண்டும். வெள்ளையர் ஆட்சியின் உச்சிக்காலத்தில், ஒரு ரிக்‌ஷாக்காரரின் சொல்லை வெள்ளை மாதின் சொல்லுக்கு எதிரே நிறுத்தி எடைபோட்டது அந்த மன்றம். அந்நீதிபதிக்கு உரிய மதிப்பைக் கொடாமற் போவது நேர்மையாகாது. ஆனால் மன்றத்துக்கு வெளியே நடந்ததென்ன? ஐரோப்பிய சமூகம் துடித்தெழுந்தது. ஆங்கிலப் பத்திரிகைகள் அவ்வழக்கைப் பத்தி பத்தியாக அச்சிட்டன. அம்மாது அன்று அணிந்திருந்த ஆடை முதற்கொண்டு வாசகர்க்குத் தெரிவிக்கப்பட்டது. மன்னிப்புக் கோரும் மனுக்கள் குவிந்தன. ஜூலை 8-ஆம் நாள், சிலாங்கூர் சுல்தான் அலாவுதீன் சுலைமான் ஷா அவர்கள் மன்னிப்பு வழங்க, அம்மாது புடு சிறையினின்று வெளிப்போந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். கணவரும் பின்னர் இந்நாட்டை விட்டு நீங்கினார். ஓர் உயிரைத் தூக்குக் கயிற்றினின்று மீட்டதை நாம் பழிக்கவில்லை. தூக்குத்தண்டனையே ஒழிதல் வேண்டுமென்பது நம் கொள்கை. அக்கயிறு யாருக்கெல்லாம் அவிழ்ந்தது, யாருக்கெல்லாம் இறுகிற்று என்பதையே நாம் பார்க்க விரும்புகிறோம்.

அக்கதை அத்துடன் முடிந்திருந்தால் இன்று நமக்கு அது தெரிந்திருக்குமோ என்பது ஐயம். 1921-இல் சாமர்செட் மாம் என்னும் ஆங்கில எழுத்தாளர் மலாயாவில் சுற்றியபோது இதனைக் கேட்டறிந்து, 'கடிதம்' என்னும் பெயரால் சிறுகதையாக்கினார். 1926-இல் அது நூலில் இடம்பெற்றது; 1927-இல் லண்டனில் நாடகமாயிற்று; 1929-இலும் 1940-இலும் சினிமாவாயிற்று. நாம் மாணவராயிருந்த நாளில் முதன்முதல் சுவைத்துப் படித்த ஆங்கிலக் கதைகளுள் அதுவும் ஒன்று. படித்து வியந்தோம், வேறெதுவும் அப்போது நமக்குத் தோன்றவில்லை. கிராணி வேலைக்கு வந்து பல ஆண்டு கழித்து மீண்டும் படித்தபோதுதான் திடுக்கிட்டோம்.

கதையில் அம்மாது தோட்டத் துரையின் மனைவியாகிறாள். மன்றம் அவளை விடுதலை செய்துவிடுகிறது. மெய்யாக நடந்த வழக்கில் தண்டனை விதித்த மன்றம், கதையில் விடுவிக்கும் மன்றமாக மாறிற்று! இறந்தவனோடு வாழ்ந்த சீனப் பெண்ணின் கையில் ஒரு காதற் கடிதம் அகப்பட்டிருக்கிறது. வக்கீலின் சீனக் கிராணி, நயமான ஆங்கிலத்தில் பணிவாகப் பேசிக்கொண்டே, பத்தாயிரம் வெள்ளிக்கு அக்கடிதத்தை விற்கப் பேரம் முடிக்கிறான். கதையைப் படித்து முடித்தவர் நெஞ்சில், சுட்டவள்மீது இரக்கமும், அந்தக் கிராணிமீது அருவருப்புமே தங்கும். 1940-ஆம் ஆண்டுப் படத்திலோ, ஆசியக் குருதி கலந்த அப்பெண் இறுதியில் கொலைகாரியாகவும் ஆக்கப்படுகிறாள். உண்மையில் அவ்வழக்கில் ஆசியர் செய்தது யாது? ஒரு ரிக்‌ஷாக்காரர் தாம் கண்டதைக் கூறினார். அவ்வளவே. குற்றம் செய்தவர் வெள்ளையராயினும் குற்றத்தின் கறை ஆசியர்மேல் வந்து படிந்துவிட்டது. கலைத்திறன் மிக்க கதைதான். அதனாலேயே அதன் ஆற்றலும் பெரிது. நல்ல ஆங்கிலம் பேசும் ஆசியக் கிராணியைக் கண்டால் ஐயுற வேண்டுமென்று உலகமெங்கும் எத்தனை வாசகர் கற்றிருப்பர்!

அதே காலத்தில் நம் தோட்டத்து லயங்களிலும் கொலைகள் நடந்தன. இல்லையென்று நாம் சாதிக்க வரவில்லை. கள்ளுக்கடை வாசலில் வெட்டுக்குத்து உண்டு. குடும்பச் சண்டையில் உயிர் போனதும் உண்டு. ஆயின் அக்காலத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் அவை பெறும் இடம் சில வரிகளே. 'ஒரு தமிழ்க் கூலி' என்பதோடு அவனுடைய வரலாறு முடிந்துவிடும். அவன் எவ்வூரிலிருந்து நாகப்பட்டினம் வந்து கப்பலேறினான், மனைவி யார், அவனை அந்நிலைக்குத் தள்ளியது எது என்று கேட்பார் இல்லை. மனம் என்பது பங்களாக்களில் மட்டும் குடியிருக்கும் பொருளென்று நினைத்தனர் போலும்.

இனி 1941-க்கு வருவோம். அவ்வாண்டு கிள்ளான் மாவட்டத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவிற்று. அதனை முன்னின்று நடத்தியவருள் ஒருவரான ஆர். எச். நாதன், 'தமிழ் நேசன்' பத்திரிகையில் பணியாற்றியவர். சீனத் தொழிலாளர்க்கு ஒப்பான கூலி, பிள்ளைகளுக்குக் கல்வி, நல்ல மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுதல் என்பன அவர்களுடைய கோரிக்கைகளுட் சில. இன்னுமொன்று உண்டு: துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்காமலே செல்லும் உரிமை! சைக்கிளில் ஏறிச் செல்ல ஒரு கிளர்ச்சி வேண்டியிருந்தது. மே மாதத்தில் நாதன் பிடிக்கப்பட்டு நாடுகடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் 5 தொழிலாளர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் பிடிபட்டனர். அரசாங்கத்தின் சொல்லில் அவர்கள் கலகக்காரர். சுட்டவர்கள் அமைதி காத்தவர்கள்.

அக்கோரிக்கைகளுள் நம்மைச் சுடும் ஒன்றைச் சொல்லாமல் விடல் ஆகாது. தொழிலாளரின் பெண்டிரிடம் துரைமாரும் 'கறுப்புத் துரைமாரும்' தகாது நடப்பதை ஒழிக்க வேண்டுமென்றும், கொடுமை செய்யும் கிராணிமாரை நீக்கித் தமிழறிந்த நல்லவரை அமர்த்த வேண்டுமென்றும் அவர்கள் கேட்டனர். கறுப்புத் துரை யார்? நாம் இன்று அமர்ந்திருக்கும் நாற்காலியில் அன்று அமர்ந்திருந்தவரே. இங்கிலீசு நாலெழுத்துப் படித்ததனால், துரையின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம் இனத்தாரைப் பார்த்தவர்கள். எவனோ ஒருவன் கைநீட்டினால் 'இந்தக் கூலிகளே இப்படித்தான்' என்று ரிப்போர்ட் எழுதியவர்கள். பத்திரிகையின் அந்த இரண்டு வரிச் செய்திக்கு முதற்படி இக்கிராணி ஆபீசுகளில் எழுதப்பட்ட ரிப்போர்ட்டாகவும் இருந்திருக்கக்கூடும்.

1948. இவ்வாண்டினை வடசிலாங்கூரார் மறத்தல் கூடாது. ஜூன் 16-ஆம் நாள் பேராவின் சுங்கை சிப்புட்டில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கம்யூனிஸ்டுகளாற் கொல்லப்பட்டனர். கொடுஞ்செயலே. அவர்களுடைய பெயர், குடும்பம், இறுதி நிமிடங்கள் யாவும் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன. இன்றும் வரலாற்று நூல்களில் உள்ளன. சில நாளில் நாடெங்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று.

ஆறு மாதத்துக்குள், கோலசிலாங்கூரிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தையும் ராவாங்கும் கடந்து சென்றால் எட்டும் பத்தாங்காலியில், ஆற்றோர ரப்பர் தோட்டமொன்றின் கொங்சி வீடுகளை ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையினர் சூழ்ந்தனர். டிசம்பர் 11 மாலை. ஆண்களைப் பெண்டு பிள்ளைகளினின்று பிரித்தனர். அன்றே ஓர் இளைஞர் சுடப்பட்டார். மறுநாட் காலை பெண்களையும் பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆண்களைச் சிறு சிறு கூட்டமாக வெளியே கொண்டுபோய்ச் சுட்டனர். வீடுகளுக்குத் தீயிட்டனர். மாண்டவர் 24 பேர். ஆயுதமில்லாத சீனத் தொழிலாளர். மயங்கி விழுந்ததால் ஒருவர் மட்டும் பிழைத்தார்.

மறுநாட் பத்திரிகையில் வந்த செய்தி யாது? வடசிலாங்கூரில் 'கொள்ளையர்' பலர் சுட்டு வீழ்த்தப்பட்டனர், அவசரகாலம் தொடங்கியபின் கிடைத்த பெருவெற்றி இது என்பதாம். இறந்தவர்க்குப் பெயரில்லை, தொழிலில்லை, 'கொள்ளையர்' என்னும் ஒரு சொல் மட்டுமே இருந்தது. அச்சொல் இறந்தவர் இவரென்று உரைப்பதோடு நில்லாமல், இறந்தது தகும் என்றும் சேர்த்து உரைத்துவிட்டது. அத்தோட்டத்தின் ஐரோப்பிய உரிமையாளரே தம் ஆட்கள் நல்லவர் என்று கூறினார். சீனக் கான்சலும் வினவினார். பின்னர் அரசாங்கம் சிறிதே விசாரித்து, தப்பியோட முயன்றபோது சுடப்பட்டனர் என்று 1949 ஜனவரியில் கூறிற்று. அம்மாதத்திலேயே, பிடிபட்டவர் தப்பியோடினாற் சுடலாம் என ஒரு விதியும் புகுத்தப்பட்டது. முன்பு நடந்தவற்றுக்கும் அது பொருந்துமாம்! குற்றம் முன்னே, சட்டம் பின்னே.

பத்திரிகை புதைத்ததைப் பத்திரிகையே தோண்டிற்று என்பதையும் சொல்லிவிடுவோம். 1970 பிப்ரவரியில் லண்டனிலிருந்து வந்த 'தி பீப்பிள்' என்னும் பத்திரிகை, அப்படையினர் சிலருடைய ஒப்புதல் வாக்குமூலங்களை வெளியிட்டது. ஸ்காட்லாந்து யார்டு விசாரணை தொடங்கிற்று. அவ்வாண்டே ஆட்சி மாறியதும் கைவிடப்பட்டது. 1992-இல் பி.பி.சி. படமெடுத்தது. உறவினர் ஓயவில்லை. வேண்டுமென்றே சுட்டதற்குச் சான்று உண்டென 2012-இல் லண்டன் உயர்நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. எனினும் பொது விசாரணைக்கு அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்த மறுத்தது. 2015 நவம்பர் 25-இல் உச்சநீதிமன்றமும் நால்வருக்கு ஒருவர் என்னும் கணக்கில் மேன்முறையீட்டைத் தள்ளிற்று. 2018-இல் ஐரோப்பிய மனித உரிமை மன்றமும் ஏற்கவில்லை. ஒரு நாள் பத்திரிகையில் அச்சான ஒரு சொல்லை அழிக்க எழுபதாண்டு போதவில்லை.

இனி நம் இரண்டாம் கைத்துப்பாக்கி. 1949 மார்ச் 1-ஆம் நாள், ராவாங்கை அடுத்த வாட்டர்ஃபால் தோட்டத்தில், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி பிடிக்கப்பட்டார். தஞ்சை மண்ணினின்று வந்த தமிழர். அவரிடம் ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் இருந்தன என்பது குற்றச்சாட்டு. வைத்திருந்தாலே தூக்கு என்பது அவசரகாலச் சட்டம். மார்ச் 15-இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் குரல் எழுந்தது. மன்னிப்பு மட்டும் கிட்டவில்லை. மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

புடு சிறை ஒன்றே. சிலாங்கூர் மாநிலம் ஒன்றே. கைத்துப்பாக்கியும் ஆறு குண்டுகளும் இரு வழக்கிலும் உண்டு. முன்னவர் ஆறையும் சுட்டு ஓர் உயிரைப் போக்கினார். கப்பலேறி ஊர் சென்றார். பின்னவர் ஒரு குண்டும் சுட்டதாகக் குற்றச்சாட்டே இல்லை, கயிற்றில் தொங்கினார். காலம் வேறு, சட்டம் வேறு, அரசியல் வேறு என்று வக்கீல்கள் கூறுவர். அதனை நாமும் அறிவோம். ஆனால் அந்தச் 'சட்டம் வேறு' என்பதைத்தான் நாம் சுட்டிக்காட்டுகிறோம். கணபதியைப் பற்றி மாம் போன்ற ஒருவர் கதை எழுதவில்லை. ஹாலிவுட்டில் படம் எடுக்கவில்லை. இதே காலத்தில் ஆயுதம் வைத்திருந்ததாகத் தூக்கு விதிக்கப்பட்ட சாம்பசிவம் என்னும் மற்றொரு தமிழர், லண்டன் பிரிவி கவுன்சில் வரை வழக்காடி 1950-இல் உயிர் தப்பினார் என்பதையும் நியாயத்தின் பொருட்டுக் குறிக்கிறோம். அவ்வழக்கை உலகச் சட்டக் கல்லூரிகளிலெல்லாம் படிக்கின்றனர்; நம் தோட்டங்களில் அவர் பெயரை அறிந்தவர் அரியர்.

வெள்ளையர் போயினர். பழக்கம் போயிற்றா? 2009 ஜனவரியில், கார் திருட்டு குறித்துப் பிடிக்கப்பட்ட குகன் என்னும் 22 வயது இளைஞர் சுபாங் ஜெயாவில் போலீஸ் காவலில் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்து இறந்ததாக முதற் பரிசோதனை கூறிற்று. குடும்பத்தார் வேண்டிச் செய்வித்த இரண்டாம் பரிசோதனை உடலெங்கும் அடிபட்ட காயங்களைக் காட்டிற்று. 2013-இல் உயர்நீதிமன்றம் போலீசாரைப் பொறுப்பாளிகளாக்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் 'கார் திருடன்' என்னும் சொல்லே அவ்விளைஞருக்குப் பட்டமாக உலவிற்று. வழக்கு விசாரிக்கப்படாத ஒருவனுக்கு அப்பட்டத்தை அளித்தவர் யார்?

அந்த 2013-ஆம் ஆண்டிலேயே உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டது. உறுப்பினர் 40,313 பேராம். அவருள் இந்தியர் 28,926, சீனர் 8,214, மலாய்க்காரர் 1,923. மக்கட்டொகையில் நூற்றுக்கு ஏழு பேரான நாம் இதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல்! இலக்கத்தைப் பத்திரிகைகள் அப்படியே பெரிதாக அச்சிட்டன. இத்தலைகளை எண்ணிய முறை எது, மன்றத்தில் தண்டிக்கப்பட்டவர் எத்தனை பேர், வெறும் ஐயத்தின்பேரில் எழுதப்பட்டவர் எத்தனை பேர் என்று கேட்டவர் சிலரே. நம் பிள்ளைகளுள் குண்டர் இல்லையென்று நாம் கூறோம். இரவில் பட்டணத்துக்குச் சென்றுவரும் நாம் அவர்களைக் கண்ணாற் காண்கிறோம்; அஞ்சவும் செய்கிறோம். ஆனால் அவர்கள் எங்கிருந்து வந்தனர்? தோட்டங்கள் விற்கப்பட்டன; லயம் போயிற்று; ஆயக்கொட்டகை போயிற்று; பள்ளியும் கோயிலும் பந்துக்களமும் போயின. மலிவு அடுக்குவீட்டின் நான்காம் மாடியில், தாயும் தகப்பனும் இரண்டு வேலை பார்க்கும் வீட்டில், அப்பிள்ளை வளர்ந்தான். இதனை அந்த இலக்கத்தின் பக்கத்தில் ஒரு வரியேனும் எழுதியிருக்கலாம்.

நம் தமிழ்ப் பத்திரிகைகளையும் கேட்கிறோம். நம்மவரை 'இந்தியர்' என்று குற்றச் செய்தியிற் குறித்தால் பதைக்கும் நாம், 'வங்காளதேசி கைது', 'இந்தோனேசியர் அட்டகாசம்' என்று தலைப்பிடும்போது என்ன எண்ணுகிறோம்? இன்று நம் செக்ரோலில் பாதிக்கு மேல் வெளிநாட்டார் பெயரே. சென்ற ஆண்டு ஸ்டோரில் உரமூட்டைகள் காணாமற் போயின. நாம் ஒரு நொடியும் யோசியாமல் வங்காளதேசத் தொழிலாளர் இருவரின் பெயரை ரிப்போர்ட்டில் எழுதினோம். மூட்டைகள் பின்னர் வேறிடத்துக்குத் தவறாக ஏற்றிச் செல்லப்பட்டதாகத் தெரிந்தது. திருத்தி மற்றொரு ரிப்போர்ட் எழுதினோமா? எழுதவில்லை. 'அதுதான் தெரிந்துவிட்டதே' என்று இருந்துவிட்டோம். அவ்விருவரிடமும் இன்றுவரை நாம் ஒரு சொல்லும் பேசவில்லை. மூதாட்டியார் பத்திரிகையோடு வந்து நின்ற அன்றுதான் அது நம் நினைவுக்கு வந்தது.

கடிதத்தை அன்று மாலையே எழுதி முடித்தோம். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. படம் வந்த அதே பக்கத்தில், அப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன்மீது குற்றமில்லையென விடுவிக்கப்பட்டான் என்று இரண்டு வரி அச்சிட வேண்டினோம். பழைய ரிப்போர்ட்டையும் மறுநாள் பைலிலிருந்து எடுத்து, அதன் கீழே திருத்தம் எழுதிக் கையொப்பமிட்டு மேனேஜரிடம் வைத்தோம். பத்திரிகையிலிருந்து இதனை அச்சுக்கு அனுப்பும் இந்நாள் வரை பதில் வரவில்லை. மூதாட்டியார் நாள்தோறும் பெரட்டு முடியும் வேளைக்கு ஆபீசுக்கு வந்து, அன்றைய பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தை விரித்துக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போகிறார்.